இரட்டைக் கட்டில் வாங்கிய பூக்காரர்

பூக்காரர் என்று அவரைக் கூப்பிட்டவர்கள் யாரும் அவர் கையில் நிஜப் பூ ஒன்றைப் பார்த்ததில்லை. துணி ஆலையின் இரண்டாம் மாடியில், பெரிய ஜன்னல்கள் வைத்த படம் போடும் அறையில் உட்கார்ந்து, இருபத்தாறு வருஷமாகப் படுக்கை விரிப்புகளுக்குப் பூப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த மேசையிலிருந்து அவர் இறக்கிவிட்ட ரோஜாக்கள் மட்டும் வேர் பிடித்திருந்தால், ஆலையைச் சுற்றிக் காடு மண்டி, காலையில் வேலைக்கு வருகிறவர்கள் அரிவாளால் வழி வெட்டிக்கொண்டுதான் உள்ளே வந்திருக்க வேண்டும். பக்கத்து மேசைக்காரர் கோடும் கட்டமும் மட்டுமே போடுவார். அவர் பேர் 'கட்டம்'. இருபத்தாறு வருஷத்தில் இந்த இரண்டு பேரும் பேசிக்கொண்டதையெல்லாம் ஒரு தபால் அட்டையில் எழுதி, மிச்ச இடத்தில் விலாசமும் எழுதிவிடலாம். பெரும்பாலும் ரப்பரைப் பற்றிய பேச்சு.

பூக்காரருக்குக் கற்பனை வற்றிப்போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

வற்றிய தேதியைக்கூட அவரால் சொல்ல முடியும். அக்கா, மகள் வீட்டுக்குப் பேரனைப் பார்த்துக்கொள்ள ரயிலேறிய தேதி அது. கணவர் போன பிறகு சின்னப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்தவள், அந்தப் பெண்ணைக் கட்டிக்கொடுத்த பின்னும் இங்கேயேதான் இருந்தாள். தம்பி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "அமையலை" என்பார், என்னவோ ஆறரை மணி பஸ்ஸைக் கோட்டைவிட்டது போல.

அக்கா இருந்த நாளில் அவர் ஆலைப் படங்களைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவருவார். சாப்பாட்டு மேசையில் விரித்து வரைந்துகொண்டிருப்பார். அக்கா பின்னால் வந்து நின்று, ஈரக் கையை அவர் சட்டை முதுகிலேயே துடைத்துக்கொண்டு எட்டிப் பார்ப்பாள்.

"இது என்னடா, பூவா முட்டைக்கோஸா?"

"டாலியா அக்கா."

"டாலியாவோ கீலியாவோ, பாத்தா நறுக்கத்தான் தோணுது."

அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு இதழை அழிப்பார். காம்பை வளைப்பார். "இப்போ?"

"இப்பப் பரவாயில்ல. உனக்குத் திட்டு வாங்கினாத்தான் பூ பூக்குது."

அவள் போன பிறகு வீட்டில் திட்டுவதற்கு ஆளில்லை. சட்டை முதுகு காய்ந்தே கிடந்தது. அவர் போட்ட படங்கள் ஒவ்வொரு சீசனிலும் தேர்வு மேசைக்குப் போய், போன வழியே திரும்பி வந்தன.

ஒருநாள் மேனேஜர் அவரைக் கூப்பிட்டார். கெட்ட சேதி சொல்லும்போது பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடுவது மேனேஜரின் வழக்கம். அன்றைக்கு மூடி கழன்றே விழுந்துவிட்டது.

"இந்த சீசன்ல உங்களோடது ஒண்ணாவது தேறணும் சார். இல்லேன்னா செக்கிங்குக்கு மாத்தச் சொல்லிட்டாங்க. அங்கயும் துணியத்தானே பாக்கப் போறீங்க?"

செக்கிங் என்பது கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத கூடத்தில் இருந்தது. விளக்கு எரியும் கண்ணாடி மேசை மேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். கறையோ அறுந்த நூலோ வந்தால் நிறுத்தி, சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அடுத்தவன் போட்ட பூவில் குற்றம் கண்டுபிடித்தே மிச்ச நாளைக் கழிக்க வேண்டும். பென்சிலைத் தவிர வேறொன்றையும் தன்னுடையது என்று நினைத்திராத மனிதர் அவர்.

அன்று சாயங்காலம் ஒரு நீள நோட்டு வாங்கினார். முதல் பக்கத்தில் 'புதுசாகத் தோன்றுவதற்கு வழிகள்' என்று தலைப்பு எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். வழிகள் கிடைப்பதில் பஞ்சமே இல்லை. ரேடியோவில் ஒருவர் சொன்னார். பல் டாக்டர் அறையில் கிடந்த பத்திரிகையில் எட்டு இருந்தது. ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பது, பலனைப் பக்கத்தில் எழுதுவது என்று ஆரம்பித்தார்.

தினமும் வேறு தெரு வழியாக வீட்டுக்குப் போகச் சொன்னது ஒரு வழி. போனார். பத்தே நாளில் செருப்பு தேய்ந்தது, எல்லாத் தெரு நாய்களும் அவரைச் சொந்தக்காரர் ஆக்கிக்கொண்டு வால் ஆட்டின, பூ மட்டும் வரவில்லை. இடது கையால் வரையச் சொன்னது இன்னொன்று. பயந்துபோன சிலந்திகளாக நாற்பது வந்தன. மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று அக்கறையாகக் கேட்டார். கால் மணி நேரம் அலாரம் வைத்து, கையை எடுக்காமல் வரை என்றார்கள். அடுப்பில் வைத்த பாலுக்கும் சேர்த்து அதே அலாரம் என்று கணக்குப் போட்டதில் பாத்திரம் கருகி, அடுக்ககமே ஜன்னலைத் திறந்தது. தலைமாடு கால்மாடு மாற்றிப் படுத்தார். காலையில் எழுந்து கதவு என்று நினைத்துச் சுவரோடு மோதினார், அதுவும் மூன்று நாள் விடாமல். முன்பின் தெரியாதவரோடு பேசு என்றது நோட்டு. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம், "உங்களுக்குப் பெரிய பூ பிடிக்குமா, சின்னப் பூ பிடிக்குமா?" என்று கேட்டார். அந்த ஆள் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டார்.

'எதுவும் செய்யாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சலிப்பை வரவழைத்துக்கொள்' என்பது ஆறாவது வழி. இதில் மட்டும் அவர் யாரிடமும் பாடம் கேட்கத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அதை முழுநேர வேலையாகவே பார்த்துவந்தார்.

வழிகள் பொய் என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றும் எதையோ காட்டத்தான் செய்தது. பழைய தபால் நிலையச் சுவரில் பச்சை படிந்திருந்த விதம், மோதிய சுவரில் விரிசல் இலை நரம்பு மாதிரி ஓடியது, எல்லாவற்றையும் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பினால் பின்னால் யாரும் இல்லை. அவ்வளவில் அது ஆறிப்போகும். நோட்டில் 'தேறவில்லை' என்று எழுதிவிட்டுச் சாப்பிட உட்காருவார்.

ஒன்பதாவது வழி: 'நீ செய்யும் பொருளை நீயே பயன்படுத்திப் பார். செருப்புத் தைப்பவன் தன் செருப்பில் பத்து மைல் நடக்கட்டும்.'

இதைப் படித்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது. அவர் பூப் போட்டதெல்லாம் இரட்டைக் கட்டில் விரிப்புக்கு. படுத்ததெல்லாம் புரண்டால் விழுந்துவிடுகிற ஒற்றைக் கட்டிலில், பூவே இல்லாத பழைய போர்வை மேல். இருபத்தாறு வருஷமாகத் தன் படம் எதன் மேலும் அவர் ஒரு ராத்திரிகூடத் தூங்கியதில்லை.

அந்தச் சனிக்கிழமையே இரட்டைக் கட்டில் வாங்கினார்.

மூன்றாம் மாடிக்கு அதை ஏற்றியது தனிக் கதை. முதல் திருப்பத்தில் மாட்டிக்கொண்ட கட்டில் மேலேயும் போகாது, கீழேயும் வராது என்று சத்தியாகிரகம் செய்தது. மாடி ஏற முடியாத நாலு குடித்தனக்காரர்கள் கீழே நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கீழ்வீட்டம்மா தலைமை தாங்கினாள்.

"காலைக் கழட்டுங்கப்பா! சாய்ச்சுப் பிடி! ஏங்க, ஒத்தை ஆளுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய கட்டில்?"

மூச்சு வாங்கியபடி பூக்காரர் சொன்னார்: "வேலை விஷயமா."

கட்டிலைத் தூக்கிய இரண்டு பேரும் சிரித்ததில் அது இன்னும் இரண்டு படி கீழே இறங்கிவிட்டது.

அறையை அந்தக் கட்டில் முழுசாக விழுங்கிவிட்டது. அலமாரிக் கதவு ஒரு சாண்தான் திறந்தது. ஜன்னலைச் சாத்த வேண்டுமானால் கட்டில் மேல் நடந்துபோக வேண்டும். ஆலைக் கடையில் வாங்கிவந்த தன் பழைய ரோஜா விரிப்பை அதில் விரித்து, கையால் நீவிவிட்டு, கொஞ்ச நேரம் வாசலில் நின்று பார்த்தார். அதற்குள் கீழ்வீட்டம்மா இரண்டு போன் பேசி முடித்திருந்தாள். ஒன்று, ஆலையில் பேக்கிங் பிரிவில் இருக்கும் தன் தம்பிக்கு. இன்னொன்று பூக்காரரின் அக்காவுக்கு.

திங்கட்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக் கூடத்தின் ஜன்னலோர மூலையில், இரண்டு வருஷமாகத் தனியாகத் தின்றுகொண்டிருந்த இடத்துக்குப் பூக்காரர் டிபன் டப்பாவோடு நடந்தார். நடு மேசையிலிருந்து கட்டம் குரல் கொடுத்தார்.

"என்ன மாப்பிள்ளை, கட்டில் வந்தாச்சு போல? அங்க எங்க போறீங்க? இங்க வாங்க!"

ஒரு நாற்காலி இழுபட்டது. எட்டுப் பேர் நகர்ந்து இடம் விட்டார்கள்.

"எப்போ விசேஷம்?" என்று கலர் கலக்கும் அம்மா கேட்டாள். முழங்கை வரை நீலச் சாயம்.

இல்லை என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். ஆனால் எட்டு முகமும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. இழுத்த நாற்காலி அவர் முழங்காலில் இடித்துக்கொண்டு நின்றது.

"பாக்கலாம்," என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் அவர் செய்த குற்றம். அது போதுமானதாக இருந்தது. அன்றிலிருந்து பூக்காரருக்கு ஆலையில் மாப்பிள்ளை யோகம். சவரம் செய்துகொண்டு வந்தால், "ஆளே மாறிட்டாரே!" செய்யாமல் வந்தால், "தூக்கம் இல்ல போல, கனவா?" இரண்டு இட்லி வைத்த டிபன் டப்பாவில் மூன்றாவதாக ஒன்று அடுத்தவர் கையிலிருந்து வந்து விழுந்தது. கட்டம் ஒரு காகிதத்தை நீட்டி நீட்டிக் கல்யாணப் பரிசுக்கு வசூல் செய்தார். பூக்காரர் தலையைக் குனிந்துகொண்டு மென்றார். காதெல்லாம் சூடாக இருந்தது. பொய் என்று தெரிந்தும், மணி பன்னிரண்டு ஆகும்போதே சாப்பாட்டு மணிக்குக் காது கொடுக்க ஆரம்பித்தார்.

அக்காவும் போனில் பிடித்துக்கொண்டாள்.

"யாருடா அவ? எங்கிட்டயே மறைக்கிற அளவுக்குப் பெரிய மனுஷன் ஆயிட்டியா?"

"ஒண்ணுமில்லக்கா, அது வந்து..."

"ஒண்ணுமில்லாதவன் டபுள் கட்டில் வாங்குவானா? பேசாத. இருபத்திரண்டாம் தேதிக்கு டிக்கெட் போட்டுட்டேன். நேர்ல வந்து பாத்துக்கறேன் உன்னை."

இரண்டு வருஷமாக 'அடுத்த மாசம் வர்றேன்' என்றே சொல்லிவந்தவள். பூக்காரர் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சரிக்கா. வா," என்றார். குற்றம் இரண்டாகியது.

இதற்கிடையில் கட்டில் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

முதல் காலை அவர் கண்டுபிடித்தது: எல்லா ரோஜாவும் தலைகீழ். ஆலையில் படத்தைச் சுவரில் மாட்டி, பன்னிரண்டடி தள்ளி நின்று பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அதனால் படம் போடுகிற எல்லோரும் கால்மாட்டில் நிற்கிறவனுக்குப் பூப் போட்டார்கள். படுத்திருக்கிறவன் எழுந்து உட்கார்ந்தால் எல்லாமே அவனுக்குக் குப்புறக் கவிழ்ந்திருந்தன. இதை ஒரு தொழில் ரகசியம் போல நோட்டில் குறித்தார்.

இரண்டாவது விஷயத்தைக் குறிக்க அவருக்குப் பத்து நாள் ஆனது. ஒற்றைக் கட்டில் பழக்கத்தில் அவர் ஓரமாகவே படுத்தார். விடிந்ததும் அவர் பக்கத்து ரோஜாக்கள் கசங்கிச் சுருண்டு, அடிபட்டவை போலக் கிடந்தன. அந்தப் பக்கத்து ரோஜாக்களில் ஒரு சுருக்கம் இல்லை. பாக்கெட்டிலிருந்து பிரித்தபடியே, கொஞ்சம் அலட்டலாகக்கூட, மலர்ந்து நின்றன. யாரும் தொடாத இடத்தில்தான் பூ பூவாக இருந்தது. ஆள் படுக்கிற இடத்தில் பூவுக்கு வேலையே இல்லை.

ஞாயிறு விடிகாலையில் இதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவர், பலகையை மடியில் வைத்து, கட்டில் மேலேயே வரைய ஆரம்பித்தார். வழக்கமாகப் பூக்களை மேல்பார்த்து நிறுத்துவார். இன்றைக்கு அவற்றின் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பினார். ஒரு ஓரத்தில் நெருக்கியடித்துப் பூத்திருந்தவை நடுவை நோக்கி வர வரக் குறைந்தன. நடுவில் நாலைந்து உதிர்ந்த இதழ்கள். அதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை, வெறும் துணி. விரிப்பின் மறு ஓரம் வரை வெறும் துணி. பூக்களெல்லாம் அந்த வெறுமையைப் பார்த்துக்கொண்டிருந்தன, அங்கே யாரோ தூங்குவது போல. பசி என்று ஒன்று இருப்பது ஞாபகம் வந்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது.

தேர்வு பத்தொன்பதாம் தேதி. அங்கே ஒரு வழக்கம் உண்டு. படத்தில் பேர் இருக்காது, பின்னால் ஒரு எண் மட்டும். போட்டவர்கள் வெளியே பெஞ்சில் உட்கார வேண்டும். சந்தேகம் வந்தால் மட்டும் எண்ணைச் சொல்லி உள்ளே கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் பெரும்பாலும் வம்புதான்.

கதவுக்கு அப்பால் குரல்கள் உயர்ந்தன.

"பாதி வரைஞ்சுட்டு டீ குடிக்கப் போயிட்டாங்களா?" இது மேனேஜர்.

"இருங்க. ஆள் எந்தப் பக்கம் படுக்கணும்?" இது விற்பனைப் பிரிவுத் தலைவி. ஊரெல்லாம் கடை கடையாக ஏறி இறங்கியவள்.

"பூ மேலதான், வேற எங்க?"

"பூ மேல படுத்தா மூச்சு முட்டும். எங்க வீட்டுக்காரர் குறட்டைக்கே மூச்சு முட்டுது. நான் இந்த வெறும் பக்கம்தான்."

"அப்ப ரெண்டு பேரும் ஒரே பக்கமா?"

சிரிப்பு. சத்தம். பெஞ்சில் இருந்த கட்டம், "யாரோடதுங்க அது, இந்த ரகளை?" என்று முணுமுணுத்தார். பூக்காரருடைய எந்த விரிப்புக்காகவும் இதுவரை யாரும் சண்டை போட்டதில்லை. நல்லா இருக்கு, நல்லா இல்லை, அவ்வளவுதான்.

கதவு திறந்தது. "பதினேழு!"

உள்ளே போனார். அவரைப் பார்த்ததும் மேனேஜர் முகம் மலர்ந்தது. "அட, மாப்பிள்ளையோடதா! கல்யாணக் களை பாதியோட நின்னுடுச்சு போல? சார், அந்தப் பக்கமும் கொஞ்சம் பூப் போட்டுக் கொடுத்துடுங்க. ஜோடியா இருக்கட்டும். இப்பவே பாஸ் பண்ணிடலாம்."

எவ்வளவு எளிது. பத்து நிமிஷ வேலை. படம் போடும் அறை நாற்காலியும் நிற்கும், சாப்பாட்டுக் கூடத்து நடு மேசையும் நிற்கும், இருபத்திரண்டாம் தேதி ரயிலும் வரும். ஆனால் சுவரில் மாட்டியிருந்த படத்தை அவர் பன்னிரண்டடி தள்ளி நின்று முதல் தடவையாகப் பார்த்தார். அந்தப் பக்கமும் பூ வந்தால் அது வழக்கமாகத் திரும்பி வருகிற பூக்காரர் படம்தான்.

"நீங்க சொல்லுங்க," என்றாள் தலைவி. "இதுல நீங்க எந்தப் பக்கம் படுப்பீங்க?"

"வெறும் பக்கம்."

"அப்போ பூப் பக்கம் அவங்களா?"

பூக்காரர் பூப் பக்கத்தைக் கையால் காட்டினார். "அங்க யாரும் இல்லம்மா. அதான் பூ. ஆள் இல்லாத பக்கம்தான் பூ கசங்காம இருக்கும். நான் தினமும் பாக்கறேன்."

"கல்யாணத்துக்கு அப்புறம்..." என்று மேனேஜர் ஆரம்பித்தார்.

"கல்யாணமெல்லாம் இல்லைங்க. கட்டில் வேலைக்குத்தான் வாங்கினேன். நீங்கல்லாம் கேட்டப்போ நான் இல்லைன்னு சொல்லலை. தப்பு என்னோடதுதான்."

மேனேஜர் கையில் இருந்த பேனா மூடி அசையவில்லை. தலைவி படத்துக்கு அருகில் போய், உதிர்ந்த இதழ்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளும் வருஷத்தில் எட்டு மாசம் ஓட்டல் ஓட்டலாகத் தங்கி அலைகிறவள்.

"இதுல ஒண்ணையும் சேக்காதீங்க," என்றாள். "அப்படியே போகட்டும்."

படம் போடும் அறையில் அவர் நாற்காலி பிழைத்தது.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்து நடு மேசையில் அவர் உட்காரும் நாற்காலி காத்திருந்தது, அவர் உள்ளே சொன்ன சேதியும் அவருக்கு முன்னாலேயே அங்கே வந்துவிட்டிருந்தது. எல்லோரும் நகர்ந்துதான் உட்கார்ந்தார்கள், ஆனால் இடிக்காமல் நகர்ந்தார்கள். மாப்பிள்ளை என்று யாரும் கூப்பிடவில்லை. "சாப்பிடுங்க சார்," என்றார் கட்டம். இருபத்தாறு வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் 'சார்' அது. வசூலில் ஒரு பெரிய சுவர்க் கடிகாரம் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதாம். அதை என்ன செய்வது என்று காதோடு காதாகப் பேசி, படம் போடும் அறையிலேயே மாட்டினார்கள். பூக்காரர் அவசரமாகத் தின்று முடித்து, எழுந்து கைகழுவினார்.

கல்யாணம் எதுவும் இல்லை என்று அக்காவுக்கும் போன் செய்து சொன்னார்.

"ஒருத்தியும் இல்லையா?"

"இல்லக்கா."

"அப்போ நான் வந்து..." என்று நிறுத்தினாள். "பேரனுக்கு வேற பரீட்சை நடக்குது."

"டிசைன் தேறிடுச்சு அக்கா. போட்டோ அனுப்பறேன், பாரு."

அனுப்பினார். உடனே போன் வந்தது.

"பாதிதான்டா விழுந்திருக்கு. கை நடுங்கிச்சா? திரும்ப எடு."

திரும்ப எடுத்து அனுப்பினார்.

"இப்பவும் பாதிதான்."

"அது அவ்வளவுதான் அக்கா. அந்தப் பக்கம் ஆள் படுக்க."

அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டு திட்டுக்காகக் காத்திருந்தார். இரண்டு வருஷத்துத் திட்டு, மொத்தமாக வரட்டும் என்று.

"நல்லா இருக்குடா," என்றாள் அக்கா, மெதுவாக, வேறு யாரிடமோ பேசுவது போல மரியாதையாக. "ரொம்ப நல்லா இருக்கு." பேரன் பின்னாலிருந்து எதற்கோ கத்தினான். வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை அவரைக் கலர் அறைக்கு அனுப்பினார்கள். கலர் கலக்கும் அம்மா டப்பாக்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். இன்றைக்கு முழங்கை வரை மஞ்சள்.

"பூவுக்கெல்லாம் கலர் எடுத்துட்டேன். அந்த வெறும் பக்கத்துக்கு என்ன போடறது? வெள்ளைன்னு மட்டும் சொல்லிடாதீங்க. வெள்ளையிலேயே எங்கிட்ட பதினொண்ணு இருக்கு. மத்தியானத்துக்குள்ள சொன்னாத்தான் கலக்க முடியும்."

பதினொரு துண்டுத் துணிகளையும் வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போனார். ஒன்றில் கொஞ்சம் சாம்பல், ஒன்றில் லேசாக நீலம், ஒன்றில் ஆறின பாலின் ஏடு. வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றிலும் உள்ளங்கையை வைத்து அழுத்தி எடுத்து, கை பதிந்த இடம் எதில் தெரிகிறது, எதில் தெரியவில்லை என்று பார்த்தார். சாப்பாட்டு மணி அடித்தது. படிகளில் எல்லோரும் இறங்கிப்போகும் சத்தம் கேட்டது. அவர் ஏழாவது வெள்ளையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.